சாப்பிட மறுக்கும் பிள்ளையோடு எப்படிக் கதைக்கிறது? – அனுபவப் பகிர்வு

ஊட்டச்சத்து ஆலோசகர், கொக்குவில்:

ஏ.எல். படிக்கிற பிள்ளை ஒன்று தாயோடு வந்தது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடித்தவள், பாறணைச் சோற்றையும் தொடவில்லை. அதற்குப் பிறகு வெள்ளி, செவ்வாய், பிரதோஷம் என்று விரதம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. வீட்டில் பக்தி என்றுதான் நினைத்திருக்கிறார்கள், உணவுக் கோளாறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

இப்படி வருகிற பிள்ளைகளுக்கு ஊட்டச்சத்து அறிவில் குறைவில்லை. ஒரு நீத்துப்பெட்டிப் புட்டில் எத்தனை கலோரி என்று அவளுக்கு மனப்பாடம். அவளுக்குப் போய் மாச்சத்து, புரதம் என்று பாடம் எடுத்தால், பயப்படுவதற்கு இன்னும் நாலு எண்களைக் கொடுத்ததாகத்தான் முடியும். அதனால் முதலில் டொக்டரிடம் அனுப்பி நாடித்துடிப்பு, இசிஜி, இரத்தத்தில் பொஸ்பேற்று என்ற உப்பின் அளவு எல்லாம் பார்த்தோம். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் பொஸ்பேற்று சரிந்து இதயமே பாதிக்கப்படலாம். பரிசோதனைகள் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு உளவளத்துணையில் பயன்படுத்தும் ஊக்கமூட்டும் நேர்காணல் முறையில் கதைக்கத் தொடங்கினேன். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்காக வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய முறை அது.

“சாப்பாட்டு முறையை மாற்றுவது உமக்கு எவ்வளவு முக்கியம்? பூச்சியத்துக்கும் பத்துக்கும் இடையில் ஒரு எண் சொல்லும்.”

“ரெண்டு.”

“ஏன் பூச்சியம் எண்டு சொல்லேல்லை?”

கனநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “படிக்க இருந்தா ஒண்டும் மண்டைக்குள்ள ஏறுதில்லை மிஸ். முந்தி அப்பிடி இல்லை” என்றாள்.

ஏன் எட்டு இல்லை என்று கேட்டிருந்தால், மாறாமல் இருப்பதற்கான காரணங்களைத்தான் அடுக்கியிருப்பாள். பூச்சியத்தைக் கேட்டதால், மாற வேண்டிய காரணம் அவள் வாயிலிருந்தே வந்தது. “இதைப் பற்றி ஒரு விஷயம் சொல்லட்டுமா?” என்று கேட்டு, 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் நடத்திய ஆய்வைச் சொன்னேன். நல்ல உடல்நலத்தோடு இருந்த 36 இளைஞர்களைச் சுமார் ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார்கள். அவர்களுக்குக் கவனம் சிதறியது, எரிச்சல் வந்தது, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்கள் சேர்க்கத் தொடங்கினார்கள்.

“நானும் இரவிரவா சமையல் வீடியோதான் பாக்கிறனான்” என்றாள். தாய் திரும்பி அவளைப் பார்த்தார். அது அவருக்கும் புதுச் செய்தி.

ஒரு தாய், சாவகச்சேரி:

எங்கள் வீட்டில் நடந்தது வேறு மாதிரி. மகளையும் அவளுக்கு வந்த வருத்தத்தையும் (நோயையும்) வேறுவேறாகப் பாருங்கோ என்று சொல்லித் தந்தார்கள். லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் வளர்த்தெடுத்த குடும்பவழிச் சிகிச்சையில் இருந்து வந்த முறையாம். அதில் பெற்றோரைக் குற்றஞ்சாட்டுவதில்லை, சாப்பாட்டுப் பொறுப்பைத் தற்காலிகமாக எங்கள் கையில் தருகிறார்கள்.

இடியப்பமும் சொதியும் ஆறிப்போகும், அவள் கோப்பையைத் தள்ளிவிடுவாள். “பிடிவாதம் பிடிக்காதை” என்று நாக்கு நுனி வரை வரும். அதை விழுங்கிவிட்டு, “இது நீ கதைக்கேல்லை, உன்ர வருத்தம் கதைக்குது. நான் எழும்பமாட்டன்” என்று பக்கத்திலேயே இருப்பேன். கத்துவாள், அழுவாள். அப்புறம் ஒரு வாய் வைப்பாள். கனடாவில் இருந்து வருகிற சொந்தங்களுக்குப் படலையிலேயே சொல்லிவிடுவேன்: மெலிஞ்சிட்டாய், வடிவாயிட்டாய், ஒன்றும் வேண்டாம், அவளோடு வேறு ஏதாவது கதையுங்கோ.

ஒரு வாசகர், யாழ் நகர்:

ஆம்பிளைகளுக்கும் உணவுக் கோளாறு வரும். எனக்குப் பட்டினி இல்லை, இரவில் அடங்காமல் சாப்பிடுவது. எல்லாரும் படுத்த பிறகு ஒரு றாத்தல் பாண், மார்ஜரின், சீனி. வயிறு வலித்தாலும் நிறுத்த முடியாது. ஆலோசகர் ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார். கலோரி எழுதக் கூடாது. நேரம், இடம், அப்போது மனதில் என்ன ஓடியது, அவ்வளவுதான். ஒக்ஸ்போர்ட்டில் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பேர்ன் உணவுக் கோளாறுகளுக்காக உருவாக்கிய சிகிச்சையில் இது ஒரு பகுதி. கொப்பியைப் புரட்டினால், பாண் முடிந்த இரவுகளில் எல்லாம் அன்றைய மத்தியானச் சாப்பாடு இல்லை. வேலையிடத்தில் யாராவது வயிற்றைப் பற்றிப் பகிடி விட்டால் நான் மத்தியானம் சாப்பிடுவதில்லை. இப்போது மூன்று நேரச் சாப்பாடு, இடையில் சிற்றுண்டி, நாலு மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி விடுவதில்லை. இன்னும் சில இரவுகள் தவறுகின்றன.

ஊட்டச்சத்து ஆலோசகர், கொக்குவில்:

தம்பி, தவறிய இரவுக்கு அடுத்த காலை சாப்பாட்டை விட்டுவிடாதேங்கோ. அங்கேதான் சுற்று திரும்பத் தொடங்குகிறது. பசி இல்லாவிட்டாலும் அளவாக, வழக்கமான நேரத்துக்கு.

இந்த முறைகளைப் படித்துவிட்டு உளச்சிகிச்சையே செய்யலாம் என்று புறப்படுகிற சக ஆலோசகர்களுக்கும் ஒன்று. அந்தப் பிள்ளை பிறகொரு நாள் தகப்பன் இல்லாத வீட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். நான் கேட்டேன், ஆனால் கிளறவில்லை. அவளுடைய சம்மதத்தோடு மனநல மருத்துவரிடம் சேர்த்தோம். என்னிடமும் தொடர்ந்து வருகிறாள், சாப்பாட்டுக்காக.