4 மி.மீ. கசிவு: மறுபடியும் கதீட்டர் விட்டு அடைக்கலாமா?

வானம்பாடி:
அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நோய். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையால் குடலில் ரத்தக்கசிவு வந்து, இரண்டு முறை ரத்தம் ஏற்றினோம். மாத்திரையை நிறுத்தத்தான், ரத்தம் உறைந்து கட்டியாகும் இடமான இடது மேலறையின் சிறு பையை வாட்ச்மேன் என்ற சாதனம் வைத்து மூடினார்கள். 45ஆம் நாள் உணவுக்குழாய் வழி எக்கோவில் சாதனத்தின் விளிம்போரம் 4 மி.மீ. இடைவெளி. மெல்லிய நிறக்கோடாக ரத்தம் உள்ளே போய் வருவதை நானே திரையில் பார்த்தேன். மறுபடி கதீட்டர் (ரத்தக்குழாய் வழியே விடும் மெல்லிய குழாய்) விட்டு, ‘காயில்’ எனும் உலோகச் சுருள் வைத்து அடைக்கலாம் என்கிறார் டாக்டர். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

கார்முகில்:
அவசரம் வேண்டாம். வாட்ச்மேனின் ஆரம்ப ஆய்வுகளிலேயே 5 மி.மீ. வரை கசிவு இருந்தாலும் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை நிறுத்தினார்கள். அடைக்கப் போனால் மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரை மறுபடி துளைக்க வேண்டும். இதய உறைக்குள் ரத்தம் சேரலாம். காயில் நழுவினால் ரத்த ஓட்டத்தோடு எங்கே போய் நிற்குமோ! அடைத்தால் பக்கவாதம் குறையும் என்று ஒப்பீட்டு ஆய்வு எதுவும் நிரூபிக்கவில்லை.

வானம்பாடி:
அந்த 5 மி.மீ. ஆய்வு செய்தவர்களாக வைத்துக்கொண்ட கோடுதானே? 2022இல் வந்த அமெரிக்கப் பதிவேட்டு ஆய்வில், அதற்குக் குறைந்த கசிவு இருந்தவர்களுக்கும் கசிவே இல்லாதவர்களைவிட ரத்தக்கட்டி, ரத்தக்கசிவு போன்ற பாதிப்பு அதிகம்.

கார்முகில்:
சற்றே அதிகம். அதே ஆய்வில் 5 மி.மீ.க்கு மேல் கசிந்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. அவர்களில் பலர் மாத்திரையைத் தொடர்ந்ததுதான் காரணமாக இருக்கும். அப்பாவும் தொடரட்டுமே?

வானம்பாடி:
அதைத்தானே அவரால் தாங்க முடியவில்லை! கருப்பாக மலம் போனபோது அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தவள் நான்.

குறிஞ்சி:
கேத் லேபில், அதாவது கதீட்டர் சிகிச்சை நடக்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். மில்லிமீட்டரை மட்டும் வைத்துச் சண்டை போடாதீர்கள். முதலில் சிடி ஸ்கேன் எடுத்து, கசிவு எந்த வழியில் போகிறது, அதற்குப் பின்னால் பை எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். சாதனத்தின் துணி வழியாகக் கசிந்தால், மேலே திசு படரப் படரத் தானே நிற்கலாம். குறுகலான சந்து என்றால் காயில், அகலமாக இருந்தால் பிளக் எனும் அடைப்பான். சில இடங்களில் ஓரத் திசுவை ரேடியோ அலையால் சூடாக்கிச் சுருக்குகிறார்கள்.

கார்முகில்:
சரி, சிடி எடுக்கட்டும். விளிம்போரக் கசிவுதான், மாத்திரையும் ஆகாது என்றால் நான் மறுக்கவில்லை. ஆனால் இதை அடிக்கடி செய்து பழகிய கை வேண்டும். டாக்டரிடம் அதையும் நேராகக் கேளுங்கள்.

வானம்பாடி:
சிடிக்குச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன்.