லொறி இடித்த ஆக்ஸியோ: இன்சூரன்ஸ் சொல்லும் கராஜா, ஏஜென்டா, தெரிந்த பாஸா?

கடற்கரை ஒழுங்கை (வெள்ளவத்தை):

அண்ணாமார், அக்காமார், கொஞ்சம் அவசரம். எங்கட ஒழுங்கைக்குள் ஒரு அபார்ட்மென்ட் எழும்புது. அதற்குக் கம்பி இறக்க வந்த லொறி, மரைன் டிரைவ் பக்கத்தால் ரிவர்ஸில் வந்து, ஓரமாக நிப்பாட்டியிருந்த என் காரின் முன்பக்கத்தில் ஏறிவிட்டது. 2015 டொயோட்டா ஆக்ஸியோ ஹைபிரிட், முத்து வெள்ளை. பொனட் நடுவால் கூரை மாதிரி மடிந்து நிற்குது. இடது லைட் நொறுங்கிவிட்டது, கிரில் உடைந்தது, பஃபர் ஒரு பக்கம் கிளிப் கழன்று தொங்குது, இடது மட்கார்டிலும் நெளிவு. நல்ல காலம், காருக்குள் ஆள் இல்லை.

ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு. கோல் எடுத்ததும் ஆள் வந்து படம் பிடித்து, லொறிக்காரரின் விபரமும் எழுதிக்கொண்டு போனார். இப்ப எனக்கு முன்னால் மூன்று வழி. ஒன்று, இன்சூரன்ஸ் கம்பனி தங்கட ரெஜிஸ்டர்ட் கராஜ் லிஸ்ட் அனுப்பியிருக்கு. அங்கே விட்டால் காசு கட்டத் தேவையில்லையாம். இரண்டாவது, டொயோட்டா ஏஜென்டின் கராஜ். அவங்கட எஸ்டிமேட் மற்ற இரண்டையும் கூட்டினாலும் அதைவிட அதிகம். மூன்றாவது, கணவருக்குத் தெரிந்த தெஹிவளை பாஸ், சொந்தமாகக் கார் திருத்துகிறவர். அவர் ஃபோனில் படத்தைப் பார்த்த உடனேயே விலை சொல்லிவிட்டார், அதுதான் ஆகக் குறைவு.

கார் ஸ்டார்ட் ஆகுது, டாஷில் லைட் ஒன்றும் எரியேல்ல. நின்ற இடத்தில் மட்டும் ரோஸ் நிறத்தில் கொஞ்சம் ஈரம். ஏசி தண்ணிதானே? நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஓடலாமா? (நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் தெமட்டகொடையில், பஸ் இரண்டு மாறவேணும்.)

டிங்கர்மகன் (கொட்டாஞ்சேனை):

ஓட வேண்டாம் ரீச்சர். மற்றதெல்லாம் பிறகு.

ஏசி தண்ணிக்கு நிறம் கிடையாது. டொயோட்டாவின் கூலண்ட்தான் (சூட்டை ஆற்றுகிற திரவம்) ரோஸ். உங்கட கார் ஹைபிரிட் என்றபடியால் கூலண்ட் இரண்டு வழியில் ஓடுது, ஒன்று எஞ்சினுக்கு, மற்றது இன்வேர்ட்டருக்கு (பேட்டரி மின்சாரத்தை மோட்டருக்கு மாற்றிக் குடுக்கிற பெட்டி). இரண்டிலும் ஒரே ரோஸ்தான், அதனால் எது ஒழுகுது என்று நிறத்தை வைத்துச் சொல்ல ஏலாது. பொனட் திறக்குமென்றால், கார் நல்லா ஆறின பிறகு இரண்டு போத்தலிலும் அளவு எங்கே நிற்குது என்று பாருங்கோ. பொனட் மடிந்து பூட்டு இறுகியிருந்தால் நெம்பித் திறக்க வேண்டாம், கராஜ் பார்த்துக்கொள்ளும்.

கம்பனிக்கு இன்னொரு கோல் எடுத்து ஒழுகுது என்று சொல்லி, காரை முழுக்க மேலே ஏற்றுகிற தட்டு லொறி கேளுங்கோ. ஆக்ஸியோவுக்கு முன் சக்கரம்தான் இழுவை. அது தரையில் உருள, கயிறு கட்டி இழுத்தால் ஹைபிரிட் மோட்டரும் சேர்ந்து சுத்தும், கூடாது. இன்னொன்று: இடிபட்ட பிறகு ஓடி எஞ்சினோ இன்வேர்ட்டரோ சூடேறிப் போனால், அது விபத்தில் வந்த சேதம் இல்லை என்று கம்பனி கையை விரிக்கும். கிளைமில் பொதுவாக அந்தப் பகுதியை வெட்டிவிடுவாங்க.

நுகேகொடை சிவா:

ஏஜென்டிடம் குடுத்திட்டு நிம்மதியா இருங்கோ. காசு கம்பனி காசுதானே.

பழைய அசெசர்:

சிவா தம்பி, முழுக்கக் கம்பனி காசு இல்லை. எக்ஸஸ், அதாவது கிளைமில் வண்டிக்காரரே கட்டவேண்டிய பங்கு, ரீச்சரின் கையால். 2015 வண்டி என்பதால் புதுப் பார்ட்ஸ் போட்டால் வயசுக்குக் கழிவும் பிடிக்கலாம், அது பாலிசியைப் பொறுத்தது. ஏஜென்ட் போடுவது எல்லாம் புத்தம் புது சாமான் என்றால் கழிவும் அந்தளவுக்கு ஏறும், அதையும் அவங்கதான் கட்டவேணும். எஸ்டிமேட்டுகளை ஒப்பிடும்போது வற் வரி சேர்ந்ததா சேராததா என்றும் பாருங்கோ. ஏஜென்டின் தாளில் 18% கட்டாயம் இருக்கும், தெஹிவளை பாஸ் ஃபோனில் சொன்ன விலையில் இருக்காது.

ரீச்சர், நான் இன்சூரன்ஸ் கம்பனிக்குச் சேதத்தை மதிக்கிற வேலையில் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். முதல் நாள் வந்தவர் எடுத்த படம் வெளியில் தெரிகிற சேதத்துக்கு மட்டும்தான். அந்த ஈரத்தைப் பார்த்தால் உள்ளே ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் வளைந்திருக்கலாம், பஃபருக்குப் பின்னால் இருக்கும் இரும்பு பீம் நசுங்கியிருக்கலாம். பஃபரைக் கழற்றாமல் இது ஒருவருக்கும் தெரியாது. அதனால் கராஜை நேரில் கண்டு ஒரு கேள்வி கேளுங்கோ: "கழற்றிப் பார்த்த பிறகு மேலதிகச் சேதம் இருந்தால் என்ன செய்வீங்க?"

நல்ல கராஜ்காரன் சொல்லுவான்: வேலையை நிப்பாட்டுவோம், படம் எடுத்து இரண்டாவது எஸ்டிமேட் போடுவோம், அசெசரை மறுபடி கூப்பிடுவோம், கம்பனி ஓம் என்று எழுத்தில் தந்த பிறகுதான் கை வைப்போம். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கொள்றோம் மிஸ்" என்று சிரித்தால் சாவியைக் குடுக்க வேண்டாம். அந்தச் சிரிப்புக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, வளைந்த சட்டத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி மேலே பெயின்ட் அடிப்பான். மற்றது, வேலையைச் செய்துவிட்டுப் பிறகு பில் நீட்டுவான், முன் அனுமதி இல்லாத வேலைக்குக் கம்பனி காசு தராது, நடுவில் நீங்க நிற்பீங்க.

ரெஜிஸ்டர்ட் என்ற பலகை தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. கம்பனியும் கராஜும் கூலிக்கு ஒரு விலை பேசியிருக்கு, பில் நேரே கம்பனிக்குப் போகும், அவ்வளவுதான் அதன் பொருள். காசைப் பொறுத்தவரை அது பெரிய வசதி, மறுக்கேல்ல. வெளிக் கராஜில் விட உங்களுக்குப் பொதுவாக முடியும், ஆனால் அங்கே எஸ்டிமேட்டைக் கம்பனி ஒத்துக்கொண்ட பிறகுதான் வேலை தொடங்க வேணும், காசை முதலில் நீங்க கட்டிப் பில்லோடு திரும்ப எடுக்க வேணும். சில பாலிசியில் வெளிக் கராஜ் என்றால் குறைத்துத்தான் தருவாங்க. பாலிசித் தாளைப் படித்துப் பாருங்கோ.

அதே தாளில் காப்புறுதித் தொகையையும் பாருங்கோ. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. பழைய தொகையையே வருஷா வருஷம் புதுப்பித்து வந்தவர்கள் நிறையப் பேர். சும்மா ஒரு கணக்குக்கு, சந்தை விலை 80 இலட்சம், நீங்க காட்டியது 60 இலட்சம் என்றால், கம்பனி நாலில் மூன்று பங்குதான் தரும், மிச்சம் உங்கட தலையில். இந்த விஷயத்தை எஸ்டிமேட் வந்த பிறகு அறிந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கேன்.

கடற்கரை ஒழுங்கை:

ஐயா, நன்றி. தொகையைப் போன முறை புதுப்பிக்கும்போது கூட்டியிருக்கு, தப்பினேன். தட்டு லொறிக்குச் சொல்லியாச்சு. லீசிங் இன்னும் முடியேல்ல, அது பிரச்சினையா?

பழைய அசெசர்:

கிளைம் பெரிதாகப் போனால் லீசிங் கம்பனியின் கடிதம் கேட்பாங்க. இப்பவே அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கோ, பிறகு செக் அங்கே இங்கே அலையாது.

ரிஸ்வி நானா (பஞ்சிகாவத்தை):

சாமான் பக்கம் நான் சொல்றேன், தங்கச்சி. பொனட்டுக்கு ஜப்பான் ரீகண்டிஷன் (அங்க ஓடின காரோட சாமான்) தேடுங்க. புதுசு என்று சொல்லி வர்ற, வெளிக் கம்பனி செய்த சாமான் பளபளன்னு இருக்கும், பூட்டினா ஓரம் சேராது. ரீகண்டிஷன் எடுக்கும்போது பிணைச்சல் போல்ட்டைப் பாருங்க. போல்ட் தலையில பெயின்ட் உடைஞ்சிருந்தா அந்த பொனட்டை ஒரு தரம் கழட்டியிருக்காங்க. கழட்டாம எப்படி இங்க வந்திச்சுன்னு கேட்காதீங்க, காரில இருந்து பிணைச்சலோடயும் வரும். சின்னக் காந்தம் ஒண்ணு கொண்டு வாங்க. ஆக்ஸியோ பொனட் இரும்பு; ஓரத்தில காந்தம் வழுக்கினா உள்ள பட்டி (நெளிவை நிரப்புற பசை) அப்பியிருக்காங்க.

லைட் வாங்கும்போது கண்ணாடியில இருக்கிற நம்பரை வலது லைட் நம்பரோட சேர்த்துப் பாருங்க. வேற நம்பர்னா பூட்டினாலும் இரவில ரெண்டு கண்ணும் ரெண்டு மாதிரி எரியும். பழைய சாமானை எறியவும் விடாதீங்க. கம்பனி கேட்கும், குடுக்கலேன்னா அதுக்கும் வெட்டுவாங்க.

டிங்கர்மகன்:

பெயின்டைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. முத்து வெள்ளை என்றால் டொயோட்டாவின் நிற இலக்கம் 070 ஆக இருக்கும், கதவுத் தூணிலோ எஞ்சின் பக்கமோ இருக்கும் தகட்டில் பாருங்கோ. அது மூன்று பூச்சு: அடியில் வெள்ளை, நடுவில் முத்து, மேலே கிளியர். நடுப் பூச்சு ஒன்று கூடினாலும் மஞ்சளடிக்கும். பொனட்டும் மட்கார்டும் மட்டும் அடித்தால் கதவுக்குப் பக்கத்தில் வேற காரின் மட்கார்ட் பூட்டின மாதிரி தெரியும். அதனால் இடது முன் கதவுக்கும் பெயின்டைக் கொஞ்சம் இழுத்து விடவேணும். கதவில் சேதம் இல்லையே என்று அசெசர் கேட்பார், எஸ்டிமேட்டிலேயே காரணத்தோடு எழுதச் சொல்லுங்கோ.

பெயின்ட் அறை இருக்கா என்று கண்ணால் பாருங்கோ. காற்றை வடிகட்டி, 60 பாகை அளவில் சூடு வைக்கிற மூடின அறை. காலி நகருக்குப் போகும் காலி ரோட்டுத் தூசிக்குப் பக்கத்தில் தறப்பாள் கட்டி அடிக்கிற இடத்தில் முத்து வெள்ளையைக் குடுத்தால் கிளியருக்குள் மணல்தான் மிஞ்சும். என் அப்பாவே தறப்பாளுக்குக் கீழ் அடித்தவர், சாதாரண வெள்ளை என்றால் அவரை மிஞ்ச ஆள் இல்லை. முத்து வெள்ளை வந்தால் வேற இடத்துக்கு அனுப்பிவிடுவார்.

கடைசியில் கார் எடுக்கப் போகும்போது வெயிலில் எடுங்கோ, பின்னேரம் வேண்டாம். பொனட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று விரலை ஓட்டிப் பாருங்கோ. ஏர்பாக் வெடிக்காட்டியும் முன் சென்சரை ஸ்கேன் பண்ணின தாளைக் கேளுங்கோ. உங்கட வண்டியில் முன் கண்ணாடிக்கு மேலே கமெரா இருந்தால் அதையும் சரிபார்த்தாங்களா என்று கேளுங்கோ.

கடற்கரை ஒழுங்கை:

வந்து சொல்லாமல் போகக்கூடாது என்று எழுதுறேன். லிஸ்டில் இருந்த இரண்டு கராஜுக்கும் தெஹிவளை பாஸிடமும் போய் அதே கேள்வியைக் கேட்டேன். ஒருத்தர் சிரித்தார். பாஸ் சிரிக்கேல்ல, "எனக்கு கம்பனிக்காரரோட எழுத்துவேலை சரிவராது பிள்ளை" என்று நேராகச் சொல்லிவிட்டார், மரியாதைதான். ராஜகிரியப் பக்கம் இருக்கிற ரெஜிஸ்டர்ட் கராஜ்தான் முன்னுக்கே படம் காட்டினாங்க, போன மாதம் வேறொரு காருக்கு அனுப்பின இரண்டாவது எஸ்டிமேட். அங்கே விட்டேன். பஃபரைக் கழற்றினால் ரேடியேட்டர் சட்டத்தின் இடது கால் உள்ளே மடிந்திருக்கு, இன்வேர்ட்டர் பக்கக் குழாய் ஒன்று நசுங்கி ஒழுகியிருக்கு. அசெசர் மறுபடி வந்து பார்த்து ஒத்துக்கொண்டார். கதவுக்குப் பெயின்ட் இழுப்பதை முதலில் வெட்டினார், 070 என்று காரணம் எழுதிக் குடுத்த பிறகு சேர்த்தார்.

இரண்டு சந்தேகம் மிச்சம். வேலை முடிந்ததும் திருப்தி என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்பாங்களாம், போடலாமா? பிழை லொறிக்காரர்மேல் இருக்க என் நோ கிளைம் போனஸ் (கிளைம் எடுக்காததற்குக் கட்டணத்தில் தரும் கழிவு) போகுமா?

பழைய அசெசர்:

கையெழுத்து ஓடிப் பார்த்த பிறகு. முதல் நாள் ஏசியையும் போட்டுக் காலி ரோட் நெரிசலில் நின்று பாருங்கோ, கூலண்ட் அளவு குறையுதா என்று அடுத்த நாள் காலையில் பாருங்கோ. அதன் பிறகு போடலாம். குறை இருந்தால் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கோ.

போனஸ் சொந்தப் பாலிசியில் கிளைம் எடுத்தால் பொதுவாகப் பாதிக்கும். லொறியின் கம்பனியிடமிருந்து உங்கட கம்பனி காசைத் திரும்ப எடுக்குமா, எடுத்தால் போனஸைத் திருப்பித் தருமா என்று மெயிலில் கேளுங்கோ, ஃபோனில் கேட்க வேண்டாம். லொறியின் இன்சூரன்ஸ் கார்டின் படம் இருக்கா? இழுத்தடித்தால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு, அதற்கும் பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஒம்புட்ஸ்மன், அதாவது இப்படியான முறைப்பாட்டை விசாரிக்கிறவர்.

கடற்கரை ஒழுங்கை:

கார்டின் படம் இருக்கு, மெயில் இன்றைக்கே போடுறேன். ரிஸ்வி நானா, ரீகண்டிஷன் பொனட்டுக்கு அசெசர் ஓம் சொல்லிவிட்டார். கராஜ்காரர் சாமானை எங்களையும் பார்த்து எடுக்கச் சொல்றார். சனிக்கிழமை வந்தால் முத்து வெள்ளையில் ஒன்று கிடைக்குமா?

ரிஸ்வி நானா:

கிடைக்கும் தங்கச்சி, மத்தியானத்துக்கு முந்தி வாங்க. கராஜ் பாஸையும் கூட்டிக்கிட்டு வாங்க. கொண்டு போய்ப் பூட்டிட்டு "இது சரியில்லை நானா"ன்னா நான் திருப்பி எடுக்க மாட்டேன்.