போலீஸ் நிறுத்தும்போது துப்பாக்கி இருப்பதை நீங்களாகச் சொன்னீர்களா? உங்கள் அனுபவம் என்ன?

டெட்ராய்ட்காரன்:
மிச்சிகனில் சி.பி.எல். (கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான லைசென்ஸ்) வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், அதிகாரி கேட்கும் வரை காத்திருக்க முடியாது, உடனே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் முதல் தடவைக்கே 500 டாலர் அபராதம், 6 மாதம் லைசென்ஸ் முடக்கம். பின்விளக்கு எரியவில்லை என்று ராத்திரி நிறுத்தினார்கள். இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, "சி.பி.எல். இருக்கிறது, துப்பாக்கி வலது இடுப்பில் இருக்கிறது" என்றேன். முகத்தில் இருந்த டார்ச் வெளிச்சம் அப்படியே இறங்கி என் இடுப்பில் நின்றது, அவர் கை அவருடைய துப்பாக்கிக்குப் போனது. பின் சீட்டிலிருந்து என் மகள், "அப்பா, அந்த அங்கிள் ஏன் அதைப் பிடிச்சிருக்கார்?" என்று கேட்டாள். எச்சரித்து அனுப்பிவிட்டார். அவளுக்கு என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

கொலம்பஸ் தம்பி:
அண்ணா, ஓஹையோவில் 2022 ஜூனிலிருந்து நாமாகச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் உண்மையைச் சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. அவர் காருக்குப் போய் கணினியில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார், குரலே மாறியிருந்தது. "இப்போது வைத்திருக்கிறாயா?" "ஆமாம் சார்." "முதலிலேயே ஏன் சொல்லவில்லை?" சட்டத்தைச் சொன்னேன், பதில் பேசாமல் டிக்கெட் எழுதினார். சட்டம் என் பக்கம்தான், ஆனால் அந்த இரண்டு நிமிடமும் நான் விரலைக்கூட அசைக்கவில்லை.

செயின்ட் பால்வாசி:
தம்பி செய்தது சரி. முதலிலேயே சொல்லிவிட்டால் பாதுகாப்பு என்பவர்கள் ஃபிலாண்டோ கஸ்டீலை மறந்துவிடக் கூடாது. 2016 ஜூலை 6, இங்கே ஃபால்கன் ஹைட்ஸில். பர்மிட் வைத்திருந்தவர், மினசோட்டாவில் கேட்டால்தான் சொல்ல வேண்டும், அவரோ தானாகவே மரியாதையாகச் சொன்னார். சில விநாடிகளில் சுட்டுவிட்டார்கள். காரில் தோழியும் அந்தத் தோழியின் 4 வயது மகளும் இருந்தார்கள். சுட்ட அதிகாரியை 2017இல் ஜூரி விடுவித்தது. அந்த லார்பென்டர் அவென்யூவில் என்னையும் ஒருமுறை நிறுத்தினார்கள். அன்று என்னிடம் துப்பாக்கியே இல்லை, அப்படியும் பர்ஸை எடுக்கட்டுமா என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் கையை எடுத்தேன்.

ஹூஸ்டன் அண்ணாச்சி:
எனக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. டிரைவிங் லைசென்ஸோடு எல்.டி.சி. கார்டையும் (டெக்சாஸின் கைத்துப்பாக்கி லைசென்ஸ்) நீட்டினேன், எங்கே இருக்கிறது என்று கேட்டார், சொன்னேன், முடிந்தது. செயின்ட் பால் நண்பரே, கஸ்டீலுக்கு நடந்தது கொடுமை, அதற்காக மறைப்பதே மேல் என்று மிச்சிகன்காரரிடம் சொல்ல முடியுமா? அங்கே சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். டெக்சாஸிலும் அடையாள அட்டை கேட்டால் இரண்டையும் காட்ட வேண்டும் என்றுதான் சட்டம், காட்டாததற்கான தண்டனையை 2009இல் எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். எல்லோருக்கும் சொல்கிறேன், "துப்பாக்கி" என்ற சொல்லோடு பேச்சைத் தொடங்காதீர்கள், "லைசென்ஸ் இருக்கிறது" என்பது முதலில் வரட்டும். இன்சூரன்ஸ் தாளைத் துப்பாக்கி இருக்கும் க்ளோவ் பாக்ஸில் வைக்கவே வைக்காதீர்கள், வைசரில் செருகிவிடுங்கள். லூசியானா பக்கம் போகிறவர்கள் கிளம்பும் முன் அந்த ஊர்ச் சட்டத்தைப் படியுங்கள், எல்லை தாண்டினால் எல்லாம் மாறும். அப்புறம் எச்-1பி வேலை விசாவில் இருக்கும் தம்பிகளே, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர நீங்கள் துப்பாக்கி வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம், நண்பன் கொடுத்தாலும் வாங்கிக் காரில் வைக்காதீர்கள்.