லிம்போமா ட்ரீட்மென்ட்ல இருக்கற அம்மா கொரோனா பூஸ்டர் வேண்டாங்கறாங்க, யாராச்சும் சொல்லுங்க

ஏற்காடு பையன் (செப்டம்பர் 2022)
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயசு, லிம்போமா (நெணநீர்ல வர்ற கேன்சர்), கீமோ முடிஞ்சு இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மலை எறங்கி சேலம் வந்து ரிடுக்சிமாப்ங்கற மருந்து மட்டும் ஏத்திட்டு போறோம். கோவிஷீல்டு ரெண்டு டோஸ் போன வருசமே போட்டாச்சு, நோய் தெரியறதுக்கு முன்னாடி. இப்ப பூஸ்டர் இந்த மாசம் 30 வரைக்கும் ஃப்ரீன்னு நர்ஸம்மா வீட்டுக்கே வந்து சொல்லிட்டு போனாங்க, அம்மா ஒரே அடம். "ஊசி போட்டதுக்கு அப்புறந்தான் கழுத்துல கட்டியே வந்துச்சு, அடங்கி கெடக்கறத எழுப்பி விடணுமா"ங்கறாங்க. பக்கத்து வீட்டு அத்தை வேற, கொரோனா ஊசி போட்ட கொஞ்ச நாள்லயே எறந்த நடிகர் விவேக் விஷயத்த எடுத்து விடறாங்க. ஓபி கூட்டத்துல டாக்டர்கிட்ட நிதானமா கேக்கவும் முடியல.

அம்மாபேட்டை அக்கா
தம்பி, எனக்கு இடது மார்புல கேன்சர், எல்லாம் முடிஞ்சு இப்ப லெட்ரோசோல் மாத்திரை மட்டும். பூஸ்டர் போட்டுட்டேன், வலது கைல. எந்தப் பக்கம்னு முன்னாடியே நர்ஸ்கிட்ட சொல்லிடணும், ஏன்னா ஊசி போட்ட பக்கம் அக்குள்ல நெறி கட்டலாம், சில வாரத்துல தானா வத்திடும், ஆனா அந்த நேரம் பாத்து பெட் ஸ்கேன் எடுத்தா பளிச்னு தெரியும், திரும்ப வந்துடுச்சோன்னு பாதி உசுரு போயிடும். அம்மாவுக்கு ஸ்கேன் பக்கத்துல இருந்தா அத முடிச்சிட்டு ஊசி போடலாமான்னு கேளுங்க. விவேக் போட்டது கோவாக்சின், அவர் சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லன்னு மத்திய அரசு கமிட்டி 2021-லயே சொல்லிடுச்சு. அந்த நியூஸ மட்டும் ஒருத்தரும் ஃபார்வர்ட் பண்ண மாட்டாங்க 😏

தறிக்காரன்
ப்ரோ தப்பா நெனைக்காதீங்க, ரிடுக்சிமாப் ஓடறப்ப ஊசி போட்டா ஆன்டிபாடியே சரியா வராதுன்னு எங்க மாமாவ பாக்கற டாக்டரே சொன்னார். அப்புறம் எதுக்கு சும்மா காய்ச்சல இழுத்துக்கணும், காய்ச்சல் வந்தா அடுத்த ரிடுக்சிமாப் டோஸ் தள்ளிப் போகும்.

மருந்துக்கடை சேலம்
தறிக்காரன் சொல்றதுல பாதி சரிதான். ரிடுக்சிமாப் பி செல்லுங்கற எதிர்ப்பு செல்லத்தான் அழிக்குது, ஆன்டிபாடி அது வழியாதான் வரணும், மருந்து நிறுத்தி ஆறு மாசம், அதுக்கு மேலகூட மந்தமாதான் இருக்கும். ஆனா டி செல்லுன்னு ஒன்னு இருக்கு, இந்த மருந்து அத பெருசா தொடறதில்ல, ஊசி அதயும் பழக்கும், நோய் முத்தாம பாத்துக்கறதுல அதுக்கு பங்கு உண்டு. அதனால வேஸ்ட்டுன்னு சொல்லிட முடியாது, தேதிதான் முக்கியம். மருந்து ஏத்தின கையோட கேம்ப்ல போய் நிக்காதீங்க, பொதுவா அடுத்த டோஸுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி போடற மாதிரி பாத்து சொல்லுவாங்க. ஓபில ஒரே கேள்விய துண்டுச்சீட்டுல எழுதி நீட்டுங்க, அடுத்த டோஸுக்கு எத்தன நாள் முன்னாடி போடலாம்னு. பிளேட்லெட் (ரத்தத்த உறைய வைக்கற செல்லு) கம்மியான்னும் பாக்கணும்.

கட்டி விஷயம், 2021-ல ஊருல முக்காவாசிப் பேரு ஊசி போட்டாங்க, அதுக்கு அப்புறம் யாருக்கு என்ன நோய் கண்டுபிடிச்சாலும் அது ஊசிக்கு அப்புறந்தான் இருக்கும். கோவிஷீல்டுல இருக்கற வைரஸ் உடம்புல பெருக முடியாதபடி செஞ்சது. அதுவும் பயம்னா, கோவிஷீல்டு போட்டவங்களுக்கு மூணாவதா கோர்பிவேக்ஸ்ங்கற வேற கொரோனா ஊசி போடலாம்னு போன மாசம் அனுமதி வந்திருக்கு, அதுல வைரஸ் இல்ல, அதோட ஒரு புரதம்தான். காய்ச்சல் 100.4 தாண்டினா மட்டும் ஊசிக் காய்ச்சல்னு பாராசிட்டமால் போட்டு வீட்லயே படுக்க வேண்டாம், கேன்சர் பேஷன்ட்டுக்கு அது வேற தொத்தாவும் இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

அம்மாவுக்கு ஊசி வேலை செய்யறது கம்மியா இருக்கும்ங்கறதால வீட்ல மத்தவங்க போட்டுக்கறது ரொம்ப முக்கியம். நீங்க போட்டாச்சா?

ஏற்காடு பையன்
நான் போட்டுட்டேங்க, அப்பாதான் பாக்கி 🙈 டெய்லி எஸ்டேட்ல அம்பது பேரோட இருக்கறவரு, அம்மாவ திட்டறதுக்கு மட்டும் முன்னாடி நிப்பாரு. அவர ஞாயித்துக்கிழமை கேம்ப்புக்கு கூட்டிட்டு போறேன். அம்மா "மொதல்ல உங்கப்பன் போடட்டும், அப்புறம் பாக்கலாம்"னு எறங்கி வந்திருக்காங்க, சீட்டும் எழுதியாச்சு.

அம்மாபேட்டை அக்கா
அப்பாவுக்கு ரெண்டாவது டோஸ் எந்த போன் நம்பர்ல போட்டீங்களோ அதே நம்பர சொல்லுங்க தம்பி, மாத்தி சொன்னா மொத டோஸ்னு ஏத்திடுவாங்க, அப்புறம் கோவின்ங்கற தடுப்பூசி சைட்ல சரி பண்றதுக்குள்ள மண்டை காஞ்சிடும்.