வாய்க்காலோரக் காப்பகத்துக்கு எந்த வேலி சரிவரும்?

பாபநாசம் பக்கம் சிறிய குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். இரண்டிலிருந்து நான்கு வயதுப் பிள்ளைகள் 14 பேர். பார்த்துக்கொள்ள நானும் ஓர் அக்காவும்தான். கொல்லையை ஒட்டி வாய்க்கால். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வந்துவிட்டால் ஊருக்குக் கொண்டாட்டம், எனக்குத் தூக்கம் போய்விடும். சாண் ஆழத் தண்ணீரே சின்னப் பிள்ளைக்கு ஆபத்து, சத்தம்கூடக் கேட்காது.

மூங்கில் படல் கட்டியிருந்தேன். போன வாரம் மூன்று வயதுக்காரன் ஒருவன் கொக்கியை நெம்பித் திறந்துவிட்டான்! கம்பிவலை போட்டால் கால் வைத்து ஏறுவார்கள். பார்வையை மறைக்காத, ஏற முடியாத வேலி எது? தாழ்ப்பாளை எந்த உயரத்தில் வைப்பது? ஒருவர் பிள்ளையைக் கழுவிவிடப் போனால் மீதி 13 பேரை மற்றவர் எப்படிச் சமாளிப்பது?

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். "கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்" என்று மட்டும் வேண்டாம். அதை மாமியார் தினமும் சொல்கிறார்.