மெடிகேர் ஆண்டுப் பதிவு: ஊருக்குப் புறப்படும் முன் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

எடிசன்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளன், வயது 68. ஒரிஜினல் மெடிகேருடன் (65 வயதைக் கடந்தவர்களுக்காக அமெரிக்க அரசே நேரடியாக நடத்தும் மருத்துவக் காப்பீடு) மெடிகேப் பிளான் ஜி-யும் (மெடிகேர் தராமல் விடும் பங்கை ஏற்கும் தனியார் துணைக் காப்பீடு), மருந்துகளுக்குத் தனியாக ஒரு பார்ட் டி திட்டமும் வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு வயது 66. அவர் மெடிகேர் அட்வான்டேஜ் எச்.எம்.ஓ. திட்டம் ஒன்றில் இருக்கிறார்; அதாவது ஒரிஜினல் மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனம் நடத்துவது, பொதுவாக அதன் நெட்வொர்க்கில் (ஒப்பந்தப் பட்டியலில்) உள்ள மருத்துவர்களிடமே செல்ல வேண்டும். திட்டங்களை மாற்றிக்கொள்ள அக்டோபர் 15-இல் தொடங்கிய ஆண்டுப் பதிவுக் காலம் டிசம்பர் 7-இல் முடிகிறது. நாங்களோ டிசம்பர் நடுவில் திருச்சிக்குப் புறப்பட்டு, ஏப்ரல் பாதியில்தான் திரும்புகிறோம்.

2026-ஆம் ஆண்டுக்கான மாற்ற அறிவிப்பு செப்டம்பரிலேயே வந்துவிட்டது. என் பார்ட் டி திட்டத்தின் பிரீமியம் உயர்கிறது. பிளான் ஜி பிரீமியமும் ஏறியிருக்கிறது. பார்ட் பி (ஒரிஜினல் மெடிகேரில் மருத்துவர் கட்டணத்துக்கும் வெளிநோயாளி சிகிச்சைக்கும் உரிய பகுதி) பிரீமியமும் மாதம் 185 டாலரிலிருந்து 202.90 டாலராகிறது. மாதப் பிரீமியமே இல்லை, பல், கண், காதுக்கும் சலுகை உண்டு என்று கூறும் அட்வான்டேஜ் விளம்பரங்கள் நாள்தோறும் அஞ்சல் பெட்டியில் விழுகின்றன. நானும் மனைவியைப் போல அதற்கே மாறிவிடலாமா? நான் உட்கொள்ளும் மருந்துகள் எலிகுவிஸ் (இரத்தம் உறைவதைத் தடுப்பது), நீரிழிவுக்கான ஜனுவியா, மெட்ஃபார்மின் ஆகியவை. ஊரில் இருக்கும் நான்கு மாதங்களில் எங்களுக்கு எந்த அளவுக்குப் பாதுகாப்பு இருக்கும் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

டெக்சாஸ் தன்னார்வலர்

வணக்கம் ஐயா. மூத்தவர்களுக்கு இலவசமாக மெடிகேர் ஆலோசனை வழங்கும் மாநில அமைப்பில் தன்னார்வலராகப் பணிபுரிகிறேன். வேறு எதைப் பற்றியும் யோசிப்பதற்கு முன் பிளான் ஜி-யைப் பற்றி ஒரு செய்தியை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஆண்டுப் பதிவுக் காலம் பார்ட் டி திட்டங்களுக்கும் அட்வான்டேஜ் திட்டங்களுக்கும் மட்டுமே உரியது; மெடிகேப் திட்டங்களுக்கு இதில் இடமில்லை. 65 வயதுக்குப் பின் பார்ட் பி தொடங்கிய மாதத்திலிருந்து ஆறு மாதங்களுக்குள் மெடிகேப் வாங்குபவரை, அவருக்கு என்ன நோய் இருந்தாலும், நிறுவனம் மறுக்க முடியாது. அந்த ஆறு மாதங்கள் கடந்துவிட்டால், நியூ ஜெர்சி உட்படப் பெரும்பாலான மாநிலங்களில், உடல்நிலையைக் கேட்டறிந்து மறுப்பதற்கும் கூடுதல் பிரீமியம் கேட்பதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு. நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில்தான் விதி வேறு. எலிகுவிஸும் நீரிழிவு மருந்தும் உட்கொள்ளும் ஒருவர் பிளான் ஜி-யை விட்டு வெளியேறினால், பிற்பாடு திரும்பி வருவது கடினம். முதல்முறையாக அட்வான்டேஜுக்கு மாறுபவர் 12 மாதங்களுக்குள் பழைய மெடிகேப்பையே திரும்பப் பெறலாம் என்ற விதி உண்டு. ஆனால் அதே நிறுவனம் அதே திட்டத்தை அப்போதும் விற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

அட்வான்டேஜ் திட்டங்கள் தவறானவை என்று நான் சொல்லவில்லை. ஒரிஜினல் மெடிகேருக்கு ஆண்டுச் செலவில் உச்சவரம்பு என்பதே கிடையாது; மெடிகேப் வாங்க வசதியில்லாதவர்களுக்கு அட்வான்டேஜின் உச்சவரம்பு பெரும் துணை. ஆனால் 2026-இல் நெட்வொர்க்குக்குள் அந்த வரம்பு 9,250 டாலர் வரை இருக்கலாம். உங்கள் பிளான் ஜி-யிலோ, மெடிகேர் ஏற்கும் சிகிச்சைகளுக்கு, பார்ட் பி-யின் ஆண்டு டிடக்டிபிளான (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்டும் தொகை) 283 டாலரைக் கட்டிய பிறகு அநேகமாக உங்கள் கையிலிருந்து எதுவும் போகாது. சிகிச்சைக்கு முன் காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதிக்காகக் காத்திருக்கும் அலைச்சலும் பெரும்பாலும் இல்லை. பிரீமியம் உயர்வு வருத்தம் தருவதுதான்; ஆனாலும் உங்கள் நிலையில் நான் பிளான் ஜி-யைத் தொடமாட்டேன்.

சிகாகோ மருந்தாளர்

மருந்துகளைப் பற்றி நான் சொல்கிறேன் அண்ணா. பார்ட் டி-யை மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் ஒப்பிட்டே ஆக வேண்டும். சென்ற ஆண்டு மலிவாக இருந்த திட்டம் இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

மெடிகேர் இணையதளத்தில் திட்டங்களை ஒப்பிடும் பக்கத்தைத் திறந்து, மருந்துக் குப்பியின் லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பதிவு செய்யுங்கள். குறிப்பாக மெட்ஃபார்மினில் கவனம் தேவை. சாதாரண மாத்திரை ஒன்று, மெதுவாகக் கரையும் இ.ஆர். மாத்திரை ஒன்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்; அந்த இ.ஆர். வகையிலேயே வெவ்வேறு முறையில் தயாரிக்கப்பட்ட மூன்று வகைகள் பட்டியலில் அடுத்தடுத்து வரும். அவற்றில் ஒன்று மிக மலிவானது. மற்றவை பல மடங்கு விலை கூடியவை, பல திட்டங்கள் அவற்றை ஏற்பதுமில்லை. தவறான வரியைத் தேர்ந்தெடுத்தால் ஒப்பீடு முழுவதும் பொய்யாகிவிடும். ஐயம் இருந்தால் உங்கள் மருந்தகத்தில் கேட்டால் சரியான பெயரை எழுதித் தருவார்கள்.

பிரீமியத்தை மட்டும் பார்க்காமல், பிரீமியமும் மருந்துச் செலவும் சேர்ந்த ஆண்டு மொத்தத்தைப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகச் செல்லும் மருந்தகத்தோடு இன்னும் ஒன்றிரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே திட்டத்தில் ஒரே மருந்துக்குக் கடைக்குக் கடை தொகை மாறும்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. அரசு நேரடியாகப் பேசிக் குறைத்த முதல் பத்து மருந்துகளின் விலை 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. எலிகுவிஸும் ஜனுவியாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 30 நாளைய அளவுக்கு எலிகுவிஸ் 231 டாலர், ஜனுவியா 113 டாலர். நீங்கள் கட்டுவது இதில் ஒரு பங்குதான். எல்லா பார்ட் டி திட்டங்களும் இவ்விரண்டையும் ஏற்றாக வேண்டும். திட்டம் ஏற்கும் மருந்துகளுக்கு ஆண்டு முழுவதும் உங்கள் கையிலிருந்து போகும் தொகை 2,100 டாலரைத் தாண்டாது.

புதிய திட்டத்தில் சேர்ந்தால் பழையது ஜனவரி 1-இல் தானாகவே நின்றுவிடும். நீங்களாக முன்கூட்டியே ரத்து செய்ய வேண்டாம். அண்ணியார் மட்டும் தனி பார்ட் டி எதிலும் சேர்ந்துவிடக் கூடாது. எச்.எம்.ஓ.வில் இருப்பவர் அப்படிச் சேர்ந்தால் அந்த அட்வான்டேஜ் திட்டத்திலிருந்தே நீக்கப்பட்டுவிடுவார்.

ஃப்ரீமாண்ட் அம்மா

ஒவ்வொரு குளிர்காலத்திலும் மதுரைக்குச் சென்று வருபவள் என்ற முறையில் பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். ஒரிஜினல் மெடிகேர் இந்தியாவில் நடக்கும் சிகிச்சைக்கு ஒரு காசும் தராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிளான் ஜி-யில் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு உதவி உண்டு. ஆண்டுக்கு 250 டாலர் டிடக்டிபிளுக்குப் பின் 80 விழுக்காடு தருவார்கள், வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். ஆனால் பயணம் தொடங்கிய முதல் 60 நாட்களுக்குள் ஏற்படும் அவசரத்துக்கு மட்டுமே அது பொருந்தும். அப்படியென்றால் பொங்கலுக்கு உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு, பங்குனியில் இல்லை. மீதி நாட்களுக்குத் தனியாகப் பயணக் காப்பீடு வாங்கிவிடுங்கள். வாங்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய் திடீரென முற்றினால் ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவியின் திட்டத்தில் வெளிநாட்டு அவசர சிகிச்சை இருக்கிறதா என்பதைத் திட்ட விவர நூலில்தான் பார்க்க வேண்டும்; திட்டத்துக்குத் திட்டம் அது மாறும். பொதுவாக ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து சேவைப் பகுதிக்கு (திட்டம் செயல்படும் வட்டாரத்துக்கு) வெளியே இருப்பவரை நீக்கிவிடுவார்கள். நீங்கள் நான்கு மாதத்தில் திரும்புவதால் இந்த முறை கவலையில்லை. ஊரில் தங்குவதை நீட்டிக்க நேர்ந்தால் இதை நினைவில் வையுங்கள்.

ஊரில் வாங்கும் மருந்துக்கு பார்ட் டி பணம் தராது. ஆகவே புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, பயணத்துக்காகக் கூடுதல் நாட்களுக்கு மருந்து வேண்டும் என்று திட்டத்தாரிடம் அனுமதி கேளுங்கள்.

எடிசன்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிளான் ஜி-யை வைத்துக்கொண்டு, பார்ட் டி-யை மட்டும் மாற்றுவதென்று முடிவு செய்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்த்ததில் ஆண்டு மொத்தத்தில் கணிசமான வேறுபாடு தெரிகிறது. ஓர் ஐயம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. என் மனைவியின் இதய மருத்துவர் ஜனவரியிலும் அவருடைய திட்டத்தின் நெட்வொர்க்கில் இருப்பாரா என்பது மாற்ற அறிவிப்பில் எங்கும் இல்லை. இல்லையென்று பிறகு தெரியவந்தால், ஊரில் இருந்தபடி என்ன செய்ய முடியும்?

டெக்சாஸ் தன்னார்வலர்

மருத்துவர்களின் பெயர்கள் அந்த அறிவிப்பில் வருவதில்லை ஐயா. மருத்துவரின் அலுவலகத்தையும் திட்டத்தையும் தனித்தனியே அழைத்து, திட்டத்தின் முழுப் பெயரையும் 2026 என்ற ஆண்டையும் சொல்லிக் கேளுங்கள். நிறுவனத்தின் பெயரை மட்டும் சொன்னால், ஏற்கிறோம் என்றுதான் பொதுவாகப் பதில் வரும். அட்வான்டேஜில் இருப்பவர்களுக்கு ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை ஒரேயொரு முறை வேறு அட்வான்டேஜ் திட்டத்துக்கு மாறவோ ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பவோ வாய்ப்பு உண்டு. மாற்றம் அடுத்த மாதம் முதல் தேதியில் நடைமுறைக்கு வரும். நீங்கள் திரும்புவதற்குள் அந்தக் காலம் முடிந்துவிடும் என்பதால், மெடிகேர் இணையதளத்தில் உங்கள் மனைவியின் கணக்கை இப்போதே திறந்து, கடவுச்சொல்லும் சரிபார்ப்புக் குறியீடும் திருச்சியில் உங்களுக்குக் கிடைக்க வழிசெய்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கைப்பேசி எண்ணுக்கு மட்டும் குறியீடு வரும்படி வைத்துவிட்டு அந்த எண்ணை ஊரில் அணைத்துவிட்டால், உள்ளேயே நுழைய முடியாது.