ஈரோடு ரவுட்டர் மட்டும் 7 நிமிடம் முந்தி ஓடுகிறது, என்டிபி (நெட்வொர்க் வழியே நேரம் ஒத்திசைக்கும் முறை) ஒட்டவே மாட்டேன் என்கிறது

வணக்கம். கோவையில் தலைமை அலுவலகம், திருப்பூர், கரூர், ஈரோட்டில் கிளைகள், எல்லாமே சிஸ்கோ ரவுட்டர். கோவை ரவுட்டர் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரிலிருந்து நேரம் எடுக்கிறது, கிளைகள் கோவையிடமிருந்து எடுக்க வேண்டும். நேற்று மதியம் லிங்க் விழுந்தது, எது முதலில் விழுந்தது என்று பார்க்க நான்கு லாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தலை சுற்றுகிறது. ஈரோடு 7 நிமிடம் முன்னால், கரூர் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். ஈரோட்டிலிருந்து கோவைக்குப் பிங் (எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) நன்றாகவே போகிறது. கையால் கிளாக் செட் கட்டளை கொடுத்து நேரத்தை வைத்துவிடலாமா?

பதில்: கையால் வைக்காதீர்கள், இரண்டு மாதத்தில் மறுபடி இதே கதைதான். கரூரில் ஷோ கிளாக் கட்டளை என்ன காட்டுகிறது?

கேட்டவர்: அதில் சரியாகத்தான் இருக்கிறது அண்ணா, லாக்கில் மட்டும்தான் தப்பு.

பதில்: அப்படியென்றால் கரூர் கடிகாரத்தில் பிரச்சினையே இல்லை. ஐந்தரை மணி நேரம் என்றாலே லாக் இந்திய நேரத்தில் இல்லை, யூடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கான்ஃபிகில் சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் வரியில் லோக்கல்டைம் என்ற சொல் விட்டுப்போயிருக்கும், சேர்த்தால் முடிந்தது. ஈரோட்டில் ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ் போட்டு ரீச் (சர்வரிடமிருந்து பதில் வந்த கணக்கு) எவ்வளவு என்று சொல்லுங்கள்.

கேட்டவர்: ரீச் 0, ஸ்ட்ராட்டம் 16. ஷோ கிளாக்கில் நேரத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் வருகிறது, அது நல்லதுதானே?

பதில்: அதுதான் எல்லோரையும் ஏமாற்றுவது! அசோசியேஷன்ஸில் நட்சத்திரம் வந்தால் அந்த சர்வரோடு ஒட்டிவிட்டது என்று அர்த்தம், ஷோ கிளாக்கில் வந்தால் இந்த நேரத்தை நம்பாதே என்று அர்த்தம். ஒரே குறியை இரண்டு இடத்தில் நேரெதிராக வைத்த புண்ணியவான் யாரோ. ஸ்ட்ராட்டம் என்பது மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனை படி தள்ளி என்பது, அது 16 என்றால் எதோடும் ஒட்டவில்லை, ரீச் 0 என்றால் கடைசி எட்டு கேள்விக்கும் பதில் வரவில்லை. பிங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது ஐசிஎம்பி என்ற வேறு நெறிமுறை, என்டிபி போவது யூடிபி போர்ட் 123-இல். கோவையில் கிளைகளோடு இணைக்கும் டனல் இன்டர்ஃபேஸில் ஏதாவது அக்சஸ் லிஸ்ட் (யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியல்) இருக்கிறதா?

கேட்டவர்: இருக்கிறது. கிளைகளின் லூப்பேக் முகவரிகளுக்கு (ரவுட்டருக்குள்ளேயே வைக்கும் நிலையான முகவரி) மட்டும் 123 திறந்திருக்கிறது, பிங் எல்லோருக்கும். ஆனால் திருப்பூர் அதே லிஸ்ட் வழியாகத்தான் வருகிறது, அது ஓடுகிறதே?

பதில்: ஈரோடு கேட்கும்போது டனல் முகவரியிலிருந்து கேட்கிறது, லிஸ்டில் அது இல்லை, பேசாமல் தூக்கிப் போட்டுவிடுகிறது. திருப்பூர் கான்ஃபிகில் என்டிபி சோர்ஸ் லூப்பேக்0 என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள், லூப்பேக் முகவரியிலிருந்து கேள் என்று சொல்வது அதுதான்.

கேட்டவர்: ஆமாம் இருக்கிறது! போன மாதம் ஈரோடு பெட்டியை மாற்றியபோது நானேதான் கையால் தட்டினேன், அந்த வரியை விட்டிருக்கிறேன்.

இன்னொருவர்: இடையில் நுழைகிறேன். கோவைக்கும் ஒரே சர்வரை நம்பாதீர்கள், என்ஐசியின் (தேசியத் தகவலியல் மையம்) சர்வரையும் சேருங்கள். 2022 ஏப்ரலில் வந்த செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு இந்த இரண்டில் ஒன்றோடு, அல்லது இவற்றைப் பின்பற்றும் சர்வரோடு ஒத்திசைக்கச் சொல்கிறது, லாக்கை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. நேரம் தப்பான லாக்கை 180 நாள் வைத்து என்ன செய்ய?

கேட்டவர்: வரியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ரீச் 1, 3, 7, அப்புறம் 17, 37, 77, 177 என்று ஏறிக் கடைசியில் 377. 17-ஐப் பார்த்ததும் பதினைந்து எங்கே என்று பயந்துவிட்டேன்.

பதில்: அது எட்டை அடியாகக் கொண்ட எண்மக் கணக்கு தம்பி, அதில் 17 என்றால் நம் 15. நட்சத்திரம் வந்ததா?

கேட்டவர்: அசோசியேஷன்ஸில் வந்தது, ஷோ கிளாக்கில் போய்விட்டது.